கல் நின்ற களங்கள் – 11: சிவப்புக் கல் வந்து சேர 123 ஆண்டு

சென்ற இதழில் வாட்டர்லூவின் சிங்க மேட்டைப் பார்த்தோம். போர் நடந்த நிலத்தின் மண்ணையே வெட்டி 40 மீட்டருக்கு மேல் குவித்து, உச்சியில் ஒரு சிங்கத்தை ஏற்றி வைத்தார்கள். நினைவுச்சின்னம் எழுந்தது, களத்தின் மேடுபள்ளம் மாறிப்போனது. இந்த முறை நாம் போகும் இடம் அதற்கு நேர் எதிர். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், லிட்டில் பிக்ஹார்ன் என்ற சிற்றாற்றின் கரையில் உள்ள அந்தப் புல்மேடுகளை யாரும் பெரிதாகத் தொடவில்லை. ஆனால் புல்லுக்கு நடுவே, இங்கே இரண்டு, அங்கே ஐந்து, சரிவில் தனியாக ஒன்று, உச்சியில் ஒரு கூட்டம் என்று வெள்ளைப் பளிங்குக் கற்கள் நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு குதிரைப்படை வீரன் விழுந்த இடம் என்கிறது அரசாங்கம்.

நமக்கு இது புதிய வழக்கம் இல்லை. ஆநிரை மீட்கப் போய்ச் செத்தவனுக்கு நடுகல் எடுத்து, பெயரும் பீடும் எழுதி, மயிற்பீலி சூட்டிய மரபு நம்முடையது. செங்கம் பக்கம் போனால் பல்லவர் காலத்து நடுகற்களை இன்றும் பார்க்கலாம். ஆனால் உலகத்தின் பெரும்பாலான போர்க்களங்களில் செத்த சிப்பாய்க்குத் தனிக்கல் கிடையாது. மொத்தமாகக் குழியில் தள்ளி, தளபதிக்கு மட்டும் சிலை வைப்பார்கள். ஒவ்வொரு சிப்பாய்க்கும் அவன் செத்த இடத்திலேயே ஒரு கல் என்று முயன்ற களங்கள் மிகச் சில. அவற்றில் இது முதன்மையானது. அதனாலேயே இங்கே ஒரு சிக்கலும் வந்தது. ‘இங்கே’ என்று ஒரு கல் சொல்லும்போது அந்த ‘இங்கே’ சரிதானா, யாருடைய ‘இங்கே’ என்ற இரண்டு கேள்விகளும் கூடவே எழுந்துவிட்டன.

போரின் கதையைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். திரைப்படங்களும் நாவல்களும் தேவைக்கு மேல் சொல்லிவிட்டன. 1868ஆம் ஆண்டு லாரமி கோட்டையில் போட்ட ஒப்பந்தப்படி, கறுப்பு மலைகள் (அவர்கள் மொழியில் பாஹா சாபா) லக்கோட்டா என்ற பூர்வகுடி மக்களுக்கே உரியவை. 1874இல் அந்த மலைகளுக்குள் ராணுவம் ஓர் ஆய்வுப் பயணம் போனது. தலைமை தாங்கியவர் ஜார்ஜ் ஆம்ஸ்ட்ராங் கஸ்டர். தங்கம் இருப்பதாகச் செய்தி வந்தது. தங்கம் தேடுவோர் ஒப்பந்தத்தை மதிக்காமல் மலைக்குள் புகுந்தார்கள். மலைகளை விலைக்குக் கேட்டது வாஷிங்டன். லக்கோட்டா தலைவர்கள் மறுத்தார்கள். உடனே ஓர் உத்தரவு: 1876 ஜனவரி 31ஆம் தேதிக்குள் எல்லாரும் அரசு வகுத்த ஒதுக்கிடங்களுக்கு வந்து சேர வேண்டும், வராதவர் பகைவர். கடுங்குளிர் காலம். குழந்தை குட்டியோடு பனியில் எப்படிப் போவது? செய்தியே பல முகாம்களுக்குப் போய்ச் சேரவில்லை. ஆனால் சட்டப்படி போருக்குக் காரணம் கிடைத்துவிட்டது, அதுதானே தேவை.

மூன்று திசைகளிலிருந்து மூன்று படைகள் கிளம்பின. தெற்கிலிருந்து வந்த ஜெனரல் க்ரூக்கை ஜூன் 17 அன்று ரோஸ்பட் ஓடையருகே லக்கோட்டாக்களும் அவர்களோடு சேர்ந்த ஷையன் பூர்வகுடியினரும் எதிர்த்து நிற்க, அவர் பின்வாங்கினார். கிழக்கிலிருந்து வந்த ஜெனரல் டெர்ரியின் படையைச் சேர்ந்தது ஏழாம் குதிரைப்படை. சுமார் 600 பேருடன் கஸ்டர் அதை முன்னே நடத்திப் போனார். ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை. ஆற்றங்கரையில் லக்கோட்டா, ஷையன், அரபாஹோ மக்களின் மாபெரும் முகாம். 7,000 பேருக்குக் குறையாது என்பது பலருடைய மதிப்பீடு. சிட்டிங் புல், க்ரேஸி ஹார்ஸ், கால் என்ற தலைவர்கள் எல்லாரும் அங்கே. முகாமின் அளவு புரியாமல் கஸ்டர் படையைப் பிரித்தார். மேஜர் ரீனோ ஒரு பக்கம், காப்டன் பென்ட்டீன் ஒரு பக்கம், பொதி சுமக்கும் கோவேறு கழுதைகள் பின்னால், தான் ஐந்து கம்பெனிகளோடு வடக்கே. ரீனோவும் பென்ட்டீனும் அடிபட்டு ஒரு மேட்டில் ஒதுங்கி மறுநாள் வரை தாக்குப்பிடித்தார்கள். கஸ்டரோடு போன சுமார் 210 பேரில் ஒருவரும் திரும்பவில்லை. அவருடைய தம்பிகள் இருவர், தங்கை கணவர், அக்காள் மகன் என்று ஒரு குடும்பமே அங்கே முடிந்தது.

இனி நாம் பார்க்கவேண்டியது போருக்குப் பின் நடந்ததை.

வென்றவர்கள் தங்கள் இறந்தோரை உடனே எடுத்துக்கொண்டார்கள். சிலரை மரப்பரண்களில், சிலரைப் பாறை இடுக்குகளில், சிலரைக் கூடாரங்களுக்குள் நல்லாடை உடுத்தி வைத்தார்கள். 26ஆம் தேதி மாலை முகாமே கிளம்பி மலைப்பக்கம் போய்விட்டது. மறுநாள் டெர்ரியின் படை வந்தபோது, காலி முகாமில் பிணங்களோடு நின்ற ஈமக்கூடாரங்களைத்தான் முதலில் பார்த்தார்கள். எத்தனை பூர்வகுடி வீரர்கள் செத்தார்கள் என்பதில் கணக்குகள் ஒத்துவருவதில்லை. 30 சொச்சத்தில் தொடங்கி 100க்கு மேல் வரை போகிறது. தோற்ற பக்கம் தன் பிணங்களை ஆளுக்கொரு பெயராக எண்ணியது, வென்ற பக்கத்தை எண்ண அங்கே அரசு எழுத்தர் இல்லை. பின்னால் எழுந்த கற்களின் கதை முழுவதும் இந்த ஏற்றத்தாழ்விலிருந்துதான் தொடங்குகிறது.

ஜூன் 28. வெயிலில் மூன்று நாள் கிடந்த உடல்கள். ரீனோ பக்கம் பிழைத்தவர்கள்தான் புதைக்க வந்தார்கள். மண்வெட்டிகள் போதாது, காயப்பட்டவர்களைத் தூக்கிக்கொண்டு போகும் அவசரம் வேறு. குழி என்று எதுவும் தோண்டவில்லை. உடலுக்கு இரு பக்கமும் மண்ணை வாரி மேலே போட்டு, செடி கொடிகளை வெட்டி மூடினார்கள். அதிகாரிகளுக்கு மட்டும் ஓர் ஏற்பாடு: பெயரைத் தாளில் எழுதி, காலித் தோட்டா உறைக்குள் சுருட்டிச் செருகி, ஒரு முளையில் அடித்து நட்டார்கள். இரு பக்கமும் மண் வாரினார்கள் என்பதை நினைவில் வையுங்கள், நூறு ஆண்டு கழித்து அது பேசப்போகிறது.

மழையும் ஓநாய்களும் மீதி வேலையைச் செய்தன. அடுத்த ஆண்டே எலும்புகள் வெளியே கிடப்பதாகப் பத்திரிகைகளில் செய்தி வந்தது. 1877 கோடையில் மைக்கேல் ஷெரிடன் என்ற அதிகாரி வந்து, கஸ்டர் உள்ளிட்ட அதிகாரிகளின் எச்சங்களைத் தோண்டி எடுத்துப் போனார். கஸ்டரை வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் அந்த அக்டோபரில் அடக்கம் செய்தார்கள். முதலில் தோண்டிய இடத்தில் கிடைத்த உடையில் வேறொரு சிப்பாயின் பெயர் இருந்ததாகவும், பிறகுதான் வேறிடத்தில் எடுத்ததாகவும் கூடப்போன ஒரு சார்ஜன்ட் பின்னாளில் சொன்னார். ஆக, வெஸ்ட் பாயின்ட் கல்லறையில் படுத்திருப்பவர் கஸ்டர்தானா என்ற சந்தேகம் இன்றும் வரலாற்றுக் கூட்டங்களில் நல்ல பொழுதுபோக்கு. சாதாரணச் சிப்பாய்களைப் பற்றி அப்படியெல்லாம் யாரும் சண்டை போடவில்லை. அவர்களுக்கு மண்ணை மேலும் கொஞ்சம் போட்டு ஒரு முளை அடித்ததோடு சரி.

1879இல் காப்டன் சாண்டர்சன் வந்தார். குன்றின் உச்சியில் விறகுக் கட்டைகளை அடுக்கி ஒரு சின்னம் எழுப்பினார். உள்ளே நிரப்பியது களத்தில் சிதறிக் கிடந்த குதிரை எலும்புகளை! போர்க்கள நினைவுச்சின்னங்களில் இதுபோல இன்னொன்று நானறிந்தவரை இல்லை. மனித எலும்பு எது, குதிரை எலும்பு எது என்று வந்து போகிறவர்கள் குழம்பக்கூடாது என்பதுதான் அவருடைய நோக்கம். அதே ஆண்டு அந்த நிலம் தேசிய இடுகாடாக அறிவிக்கப்பட்டது.

இரண்டு ஆண்டில் விறகுச் சின்னம் போய்க் கல் வந்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜில் செதுக்கிய கிரானைட் கல், மூன்று பெருந்துண்டுகளாக ரயிலிலும் நீராவிப் படகிலும் ஏறி, கடைசியில் கோவேறு கழுதைகள் இழுத்த சறுக்குவண்டியில் வந்து சேர்ந்தது. 1881 ஜூலையில் லெப்டினன்ட் சார்ல்ஸ் ரோ அதை உச்சியில் நிறுத்தினார். செத்த அதிகாரிகள், சிப்பாய்கள், படையோடு வந்த மற்றவர்கள் என எல்லாப் பெயர்களும் அதில். களம் முழுக்கத் தேடி எலும்புகளை எடுத்து, தூணைச் சுற்றி வெட்டிய அகழியில் ஒன்றாகப் புதைத்தார். ரோ செய்த நல்ல காரியம் ஒன்று உண்டு. எந்த இடத்தில் எலும்பை எடுத்தாரோ, அங்கே ஒரு முளையை ஆழமாக அடித்துவிட்டுப் போனார். பின்னால் வருகிறவர்கள் யார் எங்கே விழுந்தார்கள் என்று பார்க்கட்டும் என்பது அவர் கணக்கு.

அந்த முளைகளைக் கல்லாக மாற்றும் வேலை 1890இல் காப்டன் ஓவன் ஸ்வீட்டிடம் வந்தது. அவர் 25ஆம் காலாட்படை. அது கறுப்பினச் சிப்பாய்களின் ரெஜிமென்ட். அதிகாரிகள் மட்டும் வெள்ளையர். கஸ்டரின் படைக்கு வெள்ளைப் பளிங்குக் கல் நட்டவர்கள் அவர்கள் என்பதை அந்தக் களத்துக்குப் போகிற பலரும் அறியாமலே திரும்புகிறார்கள். அவர்களுக்குக் கொடுத்தனுப்பிய கற்கள் ஏறத்தாழ 250. கஸ்டரோடு விழுந்தவர்களோ சுமார் 210. மீதி, நான்கு மைல் தள்ளி ரீனோ, பென்ட்டீன் பக்கம் செத்தவர்களுக்கானவை. ஸ்வீட் எல்லாவற்றையும் கஸ்டர் களத்திலேயே நட்டுவிட்டார். முளைகள் பல மக்கிப்போயிருந்தன. எங்கே பள்ளம் தெரிந்ததோ, எங்கே புல் செழித்து நின்றதோ, அங்கெல்லாம் புதைகுழி என்று எண்ணிக் கல் வைத்தார்கள். இன்றும் அந்தக் களத்தில் எண்ணினால் 252 கற்கள் இருக்கும். 40க்கும் மேற்பட்ட கற்களின் கீழே யாரும் விழவில்லை. அந்தக் கற்களும் மற்றவை சொல்வதையே சொல்லிக்கொண்டு நிற்கின்றன: ஏழாம் குதிரைப்படை வீரன், 1876 ஜூன் 25, இங்கே.

அதே 1890இன் கடைசி வாரம். டிசம்பர் 29. அதே ஏழாம் குதிரைப்படை, வூண்டட் நீ ஓடையருகே லக்கோட்டா மக்களைச் சுற்றி வளைத்துச் சுட்டது. பெண்கள், குழந்தைகள் உட்பட 250 பேருக்குக் குறையாமல் செத்தார்கள். கொன்றவர்களில் சுமார் 20 பேருக்கு நாட்டின் உயரிய வீரப்பதக்கம் கிடைத்தது. வசந்தத்தில் கல், குளிரில் குண்டு. இரண்டையும் ஒரே ஆண்டில் வைத்துப் பார்க்காமல் அந்தப் பளிங்குக் கற்களின் அமைதியைப் புகழ்வதில் எனக்கு உடன்பாடில்லை.

கல் ஒரு பக்கம் இருக்க, கதையும் தன் வேலையைச் செய்தது. கஸ்டரின் மனைவி எலிசபெத், கணவன் செத்தபின் 57 ஆண்டு வாழ்ந்து, மூன்று நூல்கள் எழுதி, அவர் பெயருக்கு மாசு வராமல் காத்தார். ரீனோதான் உதவிக்குப் போகாமல் காட்டிக்கொடுத்தவர் என்பது அவருடைய அசைக்க முடியாத கட்சி. ரீனோவும் பென்ட்டீனும் தாக்குப்பிடித்த மேட்டில் 1929இல் ஒரு நினைவுக்கல் நிறுவினார்கள். அதில் கம்பெனிகளின் எழுத்துகள் உண்டு, ரீனோ பெயர் கிடையாது. அந்த அம்மையாரின் எதிர்ப்பு அவ்வளவு தூரம் எட்டியது. அதற்கு முன்பே, 1896இல், அன்ஹைசர்-புஷ் என்ற பீர் நிறுவனம் ‘கஸ்டரின் கடைசிப் போர்’ என்ற வண்ணப்படத்தை அச்சிட்டு நாடெங்கும் மதுக்கடைகளுக்கு அனுப்பியிருந்தது. நடுவில் வாளோங்கி நிற்கும் கஸ்டர், சுற்றிலும் வெறிகொண்ட கூட்டம். உண்மையில் அந்தப் படையெடுப்பில் வாள்களை எடுத்துப் போகவே இல்லை. ஆனாலும் ஒரு தலைமுறை அமெரிக்கர்களுக்கு லிட்டில் பிக்ஹார்ன் என்றால் சாராயக்கடைச் சுவரில் தொங்கிய அந்தப் படம்தான்.

எதிர்ப்பக்கமும் வரைந்தது. மினிகோன்ஜூ லக்கோட்டா பிரிவைச் சேர்ந்த ரெட் ஹார்ஸ், போரில் நின்றவர். 1881இல் ஒரு ராணுவ மருத்துவர் கேட்டுக்கொண்டதன் பேரில் 42 படங்கள் வரைந்தார். ஓடும் குதிரைகள், விழும் சிப்பாய்கள், தங்கள் பக்கத்து இறந்தோர், வரிசையாக, தாள் தாளாக. அவை மதுக்கடைக்குப் போகவில்லை. அரசு ஆவணமாக உள்ளே போய்ப் படுத்துக்கொண்டன.

1983 ஆகஸ்டில் களத்தில் காட்டுத்தீ பரவியது. இடுப்பளவு புல்லும் புதரும் எரிந்து தரை வெளியே தெரிந்தது. ரிச்சர்ட் ஃபாக்ஸ் என்ற தொல்லியலாளர் நடந்து பார்த்தார். எங்கு பார்த்தாலும் தோட்டா உறைகள், பொத்தான்கள், எலும்புத் துணுக்குகள். 1984லும் 1985லும் டக்ளஸ் ஸ்காட்டும் அவரும் பெரிய அகழாய்வு நடத்தினார்கள். உலோகங்காட்டிக் கருவியோடு தன்னார்வலர்கள் வரிசையாக நடந்து, பீப் கேட்ட இடத்திலெல்லாம் ஒரு சிறு கொடியை நட்டார்கள். பொதுவாகத் தொல்லியலாளர்களுக்கு உலோகங்காட்டிக்காரர்களைக் கண்டால் ஆகாது, புதையல் திருடர்கள் என்பார்கள். இங்கே இருவரும் கைகோத்தார்கள். உலகெங்கும் போர்க்களத் தொல்லியல் என்ற ஒரு தனிப்பிரிவு வளர்ந்ததற்கு இந்த இரண்டு கோடைகள் பெரிய காரணம்.

கிடைத்த தோட்டா உறைகளைக் குற்றப்பிரிவு போலீஸ் பார்ப்பதுபோல நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு துப்பாக்கியின் அடிமுள்ளும் உறையில் தனக்கேயான வடுவை விட்டுப்போகும். ஒரே துப்பாக்கியின் உறைகள் எங்கெங்கே கிடக்கின்றன என்று புள்ளி வைத்தால், அதை ஏந்தியவன் நடந்த வழி தெரிந்துவிடும். ஏழாம் குதிரைப்படை வைத்திருந்தது ஒற்றைத் தோட்டா ஸ்பிரிங்ஃபீல்டு கார்பைன். எதிர்ப்பக்கத்தில் ஹென்றி, வின்செஸ்டர் போன்ற பலதோட்டாத் துப்பாக்கிகள் ஏராளமாக இருந்தது அப்போதுதான் தடயத்தோடு உறுதியானது. சிப்பாய்களின் உறைகள் சில இடங்களில் மட்டும் ஒழுங்காகக் கிடந்தன, மற்ற இடங்களில் ஒழுங்கே இல்லை. கடைசி நேரத்தில் அணிவகுத்து நின்ற வீரப்போர் என்று ஒன்று நடக்கவே இல்லை, படை நிலைகுலைந்து சிதறியது என்று ஃபாக்ஸ் எழுதினார். லக்கோட்டாக்களும் ஷையன்களும் நூறாண்டாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தோட்டா உறை சொன்னபிறகுதான் ஏட்டில் ஏறியது.

கற்களுக்கு வருவோம். களத்தில் பல கற்கள் ஜோடியாக நிற்கும், ஒன்றுக்கொன்று சில அடி தள்ளி. இரண்டு நண்பர்கள் முதுகோடு முதுகாக நின்று போரிட்டுச் செத்தார்கள் என்று வழிகாட்டிகள் உருக்கமாகச் சொல்வது வழக்கம். ஜோடிகளுக்கு நடுவே தோண்டிப் பார்த்தார்கள். பலவற்றில் கிடைத்தது ஒரே ஒருவனுடைய எலும்பு. 1876இல் உடலின் இரு பக்கமும் மண் வாரிய இடம் இரண்டு பள்ளங்களாக நின்றுவிட்டது. ஸ்வீட்டின் ஆட்கள் அவற்றை இரண்டு குழிகள் என்று எடுத்துக்கொண்டு பள்ளத்துக்கு ஒன்றாக இரண்டு கல் நட்டிருக்கிறார்கள். உருக்கமான கதை ஒரு நாளில் கரைந்தது.

இன்னொரு ஜோடிக் கல்லருகே ஒரு மண்டை ஓட்டின் முகத்துண்டு கிடைத்தது. பல்லில் புகைக்குழாயை நெடுநாள் கடித்த தேய்மானம். எலும்பின் சாயல் வெள்ளையரும் பூர்வகுடியும் கலந்தது. கஸ்டரோடு போனவர்களில் அப்படி ஒருவர்தான் உண்டு: மிட்ச் போயர், தகப்பன் பிரெஞ்சு, தாய் லக்கோட்டா, படைக்கு வழிகாட்டியும் மொழிபெயர்ப்பாளரும். பழைய ஒளிப்படம் ஒன்றை அந்த எலும்பின்மேல் பொருத்திப் பார்த்து உறுதிசெய்தார்கள். ‘ஏழாம் குதிரைப்படை வீரன்’ என்று நின்ற கல்லின் கீழே இருந்தவர் சிப்பாயே இல்லை. மறுபுறம், ஆழ்பள்ளம் என்று அழைக்கப்படும் ஓடைவெட்டில் 28 பேர் போல விழுந்ததாகப் புதைத்தவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். அங்கே எவ்வளவு தேடியும் எலும்பு சிக்கவில்லை. கல் இருக்கும் இடத்தில் ஆள் இல்லை. ஆள் இருக்கவேண்டிய இடத்தில் கல்லும் இல்லை, எலும்பும் இல்லை.

இவ்வளவு காலமும் அந்தக் களத்தில் வேறு வகைக் கற்களும் இருந்தன. யாரும் செதுக்காத கற்கள். ஷையன் குடும்பங்கள் தங்கள் ஆள் விழுந்த இடத்துக்கு வந்து, கைக்கு அகப்பட்ட கற்களைச் சிறு குவியலாக வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பெயர் கிடையாது, தேதி கிடையாது. கம்பிவேலி போட்டுக் காக்க அரசாங்கம் கிடையாது. பெயர் யாருடையது என்பது வீட்டில் உள்ளவர்களுக்குத் தெரியும். லேம் ஒயிட் மேன் என்ற ஷையன் தலைவர் கஸ்டரின் ஆட்களை எதிர்த்துப் பாய்ந்தபோது குன்றின் சரிவில் விழுந்தவர். அவர் மகள் 1925இல் அதிகாரிகளுக்கு எழுதினார்: என் தகப்பன் விழுந்த இடத்துக்கும் ஓர் அடையாளம் வையுங்கள். போர் முடிந்து அப்போதே 49 ஆண்டு. அடுத்த ஆண்டு ஐம்பதாம் ஆண்டு விழா தடபுடலாக நடந்தது. பிழைத்த குதிரைப்படை அதிகாரி காட்ஃபிரேவும் லக்கோட்டா வீரர் ஒயிட் புல்லும் கைகுலுக்கினார்கள், ஒரு கோடாரியைச் சடங்காகப் புதைத்தார்கள். மகளின் விண்ணப்பத்துக்கு வழி பிறக்கவில்லை.

லேம் ஒயிட் மேனின் பேரன் ஜான் ஸ்டாண்ட்ஸ் இன் டிம்பர், ஷையன் மக்களின் வரலாற்றைத் தலையில் சுமந்தவர். 1967இல் அவர் பெயரில் ‘ஷையன் மெமரீஸ்’ என்ற நூல் வெளிவந்தது. 1950களில் அவர் பூங்கா அலுவலர்களை அழைத்துக்கொண்டு போய் இந்தக் குவியல் இன்னார், அந்த இடத்தில் இன்னார் என்று காட்டினார். தாத்தாவுக்கு அப்போது ஒரு மரப்பலகை கிடைத்தது. உச்சியில் கஸ்டருடைய கல்லுக்கு மட்டும் கறுப்புப் பின்னணியில் எழுத்து தீட்டி எடுப்பாக வைத்திருந்த காலம் அது. வென்ற படையின் தலைவருக்கு ஒரு பலகை.

மாற்றம் வந்த விதம் சாதுவானதாக இல்லை. 1988 ஜூன் 25 அன்று ரஸ்ஸல் மீன்ஸ் தலைமையில் அமெரிக்க இந்திய இயக்கம் என்ற பூர்வகுடி அமைப்பினர் வந்து, கிரானைட் தூணைச் சுற்றியுள்ள புதைகுழிமேல், குதிரைப்படையைத் தோற்கடித்த தங்கள் தேசபக்தர்களைப் போற்றும் ஓர் இரும்புப் பலகையைச் சிமென்ட் போட்டுப் பதித்தார்கள். பிணங்களின்மேல் ஏறி நின்று செய்த அவமதிப்பு என்று ஒரு கூட்டம் கொதித்தது. எனக்கும் அந்த இடத்தேர்வு உறுத்துகிறது. அங்கே படுத்திருப்பவர்களில் பலர் கூலிக்குப் பட்டாளத்தில் சேர்ந்த ஐரிஷ், ஜெர்மன் குடியேறிகள். ஆனால் 63 ஆண்டாக விண்ணப்பம் போட்டுப் பார்த்துவிட்டார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். பலகையை அலுவலர்கள் எடுத்துவிட்டார்கள், ஆனால் தூக்கி எறியவில்லை; பார்வையாளர் மையத்தில் காட்சிக்கு வைத்தார்கள்.

அடுத்த ஆண்டு பார்பரா பூஹர் என்ற பூர்வகுடிப் பெண் அந்தக் களத்தின் கண்காணிப்பாளர் ஆனார். அவருக்குப் பின் ஜெரார்ட் பேக்கர், அவரும் பூர்வகுடி. நாடாளுமன்றத்தில் பென் நைட்ஹார்ஸ் கேம்ப்பெல் என்ற ஷையன் வழிவந்த உறுப்பினர் ஒரு மசோதாவைக் கையில் எடுத்தார். 1946 முதல் ‘கஸ்டர் போர்க்களம்’ என்று இருந்த பெயரை ‘லிட்டில் பிக்ஹார்ன் போர்க்களம்’ என்று மாற்றவும், பூர்வகுடிகளுக்கும் அங்கே நினைவகம் எழுப்பவும் வகை செய்தது அது. 1991 டிசம்பர் 10 அன்று ஜார்ஜ் புஷ் (மூத்தவர்) கையெழுத்திட்டார். கெட்டிஸ்பர்க்குக்கு ஜெனரல் மீடின் பெயரையா வைத்தார்கள், வாட்டர்லூவுக்கு நெப்போலியன் பெயரையா? களத்துக்கு இடத்தின் பெயர்தான் உலக வழக்கம். தோற்றவர் பெயரைச் சூட்டிய விசித்திரத்தைத் திருத்தவே இத்தனை ரகளை. பேக்கருக்கு மிரட்டல்கள்கூட வந்தன.

சட்டம் வந்தது, காசு வரவில்லை. நினைவகத்துக்கான போட்டியில் 500க்கும் மேற்பட்ட வடிவமைப்புகள் வந்து, பிலடெல்பியாவைச் சேர்ந்த ஜான் காலின்ஸ், ஆலிசன் டவர்ஸ் இருவருடையதைத் தேர்ந்தெடுத்தபிறகும் பல ஆண்டு இழுத்தது. 2001இல் 23 லட்சம் டாலர் ஒதுக்கினார்கள். 2003 ஜூன் 25 அன்று திறப்பு. அது தூணாக எழவில்லை. மண்ணைக் குவித்து வட்டமாக ஓர் அணை, உள்ளே சுவரில் ஒவ்வொரு இனத்தின் பெயர்களும் சொற்களும். வட்டத்தின் ஒரு பக்கத்தில் ஒரு திறப்பு. அதன் வழியே பார்த்தால் நேரே 1881இன் கிரானைட் தூண் தெரியும். செத்த சிப்பாய்களின் ஆவிகளும் உள்ளே வரட்டும் என்று விட்ட வாசல் அது. விளிம்பில் மூன்று குதிரைவீரர்களும், கிளம்புகிறவனுக்குக் கேடயம் நீட்டும் ஒரு பெண்ணும். வெறும் வெண்கலக் கம்பியை வளைத்துக் கோட்டோவியம் போலச் செய்தது, லக்கோட்டா கலைஞர் கொலீன் கட்சாலின் கை. பின்னால் வானம் தெரியும். நான் படத்தில் பார்த்த போர் நினைவுச்சின்னங்களில் இதைவிடக் கனமில்லாத ஒன்று இல்லை.

அதற்கு நான்கு ஆண்டு முன்பே, 1999 மே மாதம், முதல் சிவப்புக் கிரானைட் கற்கள் வந்துவிட்டன. லேம் ஒயிட் மேனுக்கு ஒன்று, நாய்ஸி வாக்கிங் என்ற ஷையன் இளைஞனுக்கு ஒன்று. மகள் எழுதிய விண்ணப்பத்துக்கு 74 ஆண்டு கழித்துப் பதில். பிறகு லக்கோட்டா வீரர்களுக்கும் கற்கள் வந்தன. எங்கே நடுவது என்று முடிவு செய்ய உதவியவை அந்தக் கைக்கற் குவியல்களும், குடும்பங்கள் வாய்வழியாகக் காத்த நினைவும்தான். பளிங்குக் கற்கள் இடம் தவறியதைப் பார்த்த பிறகு, பேரனுடைய விரல் காட்டிய திசையைச் சந்தேகிக்க யாருக்கும் வாய் எழவில்லை. சிவப்புக் கல்லில் பெயர் இருக்கிறது, எதற்காகச் செத்தான் என்பதும் இருக்கிறது: ஷையன் வாழ்முறையைக் காக்க. பெரும்பாலான வெள்ளைக் கற்களில் இரண்டும் இல்லை. அந்தச் சிப்பாய்களுக்கு எதற்காகச் செத்தோம் என்று எழுதிக்கொடுக்க ராணுவத்திடம் வாசகம் இருந்திருக்குமா என்பது வேறு விஷயம். கறுப்பு மலைகளை 1877 பிப்ரவரியிலேயே சட்டம் போட்டு எடுத்துக்கொண்டார்கள். அது முறைகேடு என்று 1980இல் உச்ச நீதிமன்றம் சொல்லி, பத்துக் கோடி டாலருக்கு மேல் இழப்பீடு தரச் சொன்னது. லக்கோட்டாக்கள் இன்றுவரை அந்தப் பணத்தைத் தொடவில்லை; வட்டியோடு நூறு கோடி டாலரைத் தாண்டிக் கிடக்கிறது. மலை வேண்டும் என்கிறார்கள்.

கதை இங்கே நல்லபடியாக முடிந்திருக்கலாம். ஆனால் இன்னொரு தரப்பு இருக்கிறது. போர் நடந்த நிலம் லக்கோட்டாக்களுடையதும் இல்லை, ஷையன்களுடையதும் இல்லை. அது க்ரோ மக்களின் நிலம். அதே 1868இல் க்ரோக்களோடு தனியாகப் போட்ட ஒப்பந்தம் அப்படித்தான் சொல்கிறது. இன்றும் களத்தைச் சுற்றி இருப்பது க்ரோ ஒதுக்கிடம்தான். லக்கோட்டாக்கள் மேற்கே நகர்ந்து வந்து தங்கள் வேட்டைக்காட்டைப் பிடித்துக்கொண்டார்கள் என்பது க்ரோக்களின் நெடுநாள் வழக்கு. அதனால்தான் அவர்களுடைய இளைஞர்கள் கஸ்டருக்கு வழிகாட்டப் போனார்கள். அவர்களில் கர்லி என்பவர் தப்பிவந்து, தோல்விச் செய்தியை முதலில் கொண்டுபோனவர்களில் ஒருவரானார். 1923இல் இறந்த அவரை அதே இடுகாட்டில்தான் அடக்கம் செய்தார்கள். புதிய வட்ட நினைவகத்தின் சுவரில் க்ரோ, அரிக்கரா வழிகாட்டிகளின் பெயர்களும் உண்டு; அதைச் சேர்ப்பதற்கே தயக்கம் காட்டியவர்கள் இருந்தார்கள். தங்கள் மண்ணில், தங்கள் பகைவரின் வாழ்முறையைப் போற்றும் சிவப்புக் கல்லுக்குப் பக்கத்தில், ஆண்டுதோறும் ஜூன் மாதம் சுற்றுலாப் பயணிகளுக்கு அந்தப் போரை நடித்துக் காட்டுகிறவர்களில் க்ரோ குடும்பங்களும் உண்டு. அதற்கு வந்து பார்க்கும் கூட்டத்துக்குக் குறைவே இல்லை.

(அடுத்த இதழில்: கோஹிமா. ஒரு டென்னிஸ் மைதானத்தின் இரு பக்கமும் நின்று ஜப்பானியரும் பிரிட்டிஷ் இந்தியப் படையும் மோதிய களம்.)